மாத்திரைகள் பேர் சொல்லிக் கூப்பிட்ட புதன்கிழமை

கருப்பம்பாடி சனங்கள் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் புயலிலிருந்து தொடங்க மாட்டார்கள், மருந்தம்மாவின் தொண்டையிலிருந்துதான் தொடங்குவார்கள். புயல் எல்லா ஊருக்கும் வரும், வந்து எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் கூரையைப் பிய்க்கும், தென்னையைச் சாய்க்கும், கடலை இழுத்துவந்து வயலில் விடும். ஆனால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநருக்குத் தொண்டை கட்டிப்போனது என்பதற்காக மாத்திரைகளே வாய் திறந்து ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு ஊரில்தான் நடந்தது, அதனால் அவர்கள் அங்கிருந்து தொடங்குவதில் தப்பொன்றும் இல்லை.

மருந்தம்மாவின் பேர் சகாயராணி. வயது ஐம்பத்தொன்று. இருபத்திரண்டு வருஷமாக மருந்துச் சன்னலுக்கு உள்ளே நின்று, கம்பி வழியாக நீளும் கைகளை வைத்தே ஊரை அடையாளம் தெரிந்துகொண்டவர். சீட்டை வாங்கி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, மாத்திரையைக் காகித உறையில் போட்டு, காலைக்குச் சூரியனும் ராத்திரிக்குப் பிறையும் பேனாவால் வரைந்து, எப்போது முழுங்கணும், எதோடு முழுங்கக் கூடாது, விட்டுப்போனால் என்ன செய்யணும் என்று ஒவ்வொருவருக்கும் நீளமாகச் சொல்லுவார். அவர் சொல்லி முடிப்பதற்குள் உறையைப் பிடுங்கிக்கொண்டு ஆள் பஸ்சுக்கு ஓடியிருக்கும். "செவுத்துக்குச் சொல்லியிருந்தா செவுராவது கேட்டிருக்கும்" என்று நர்சம்மாவிடம் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே அடுத்த ஆளுக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

சனிக்கிழமை புயல் அடித்தது. ஊரில் மேடான இடம் உயர்நிலைப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் என்பதால் தப்பிவந்த அறுநூறு பேரும் அங்கே ஏறிவிட்டார்கள். பாலம் உடைந்து டாக்டர் அக்கரையில் நின்றுவிட்டார், நர்சம்மா பிரசவத்துக்குப் போன ஊரிலேயே மாட்டிக்கொண்டார், செல்போன் கோபுரம் படுத்துவிட்டது. சகாயராணி மட்டும் சுகாதார நிலையத்திலிருந்து மருந்துப் பெட்டிகளைத் தலையில் சுமந்து, மார்பளவுத் தண்ணீரில் ஐந்து நடை நடந்து, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு அறையைப் பிடித்தார். குடிதண்ணீர் டிரம்மில் குளோரின் மாத்திரை போட்டது அவர், பேதி கண்ட பிள்ளைகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலை மணிக்கணக்கில் தேக்கரண்டியால் ஊட்டவைத்தது அவர், ஆணி குத்திய காலையெல்லாம் கழுவிக் கட்டியது அவர், அத்தனையையும் கத்திக் கத்தியே செய்தார், ஏனென்றால் மூன்று நாளும் காற்று நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நிவாரணப் படகு வந்தது. பன்னிரண்டு சாக்கு மருந்து. எந்தெந்த ஊரிலோ நல்ல மனசுக்காரர்கள் அலமாரியைத் திறந்து அப்படியே கொட்டி அனுப்பியிருந்தார்கள்: பாதி கிழித்த அட்டைகள், காலாவதியானவை, புரியாத பாஷையில் பேர் எழுதியவை, மூடியில்லாத சிரப்பு. இந்தப் பக்கம் சனங்களுடைய சீட்டெல்லாம் வெள்ளத்தோடு போயிருந்தது, உறையில் வரைந்த சூரியனும் பிறையும் கரைந்துபோயிருந்தன. "வெள்ளை மாத்திரைங்கம்மா, நடுவுல கோடு போட்டிருக்கும்" என்பார்கள். வெள்ளையாக நடுவில் கோடு போட்ட மாத்திரை நாற்பது வகை இருக்கிறது என்று அவர் நாற்பது பேரிடமும் சொல்லிச் சொல்லித்தான் அன்று சாயங்காலம் குரல் போயே போனது.

குரல் போனதைவிட இன்னொன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது. புயலுக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை, உப்பளத்தில் வேலை செய்யும் பக்கிரிசாமியின் மனைவி காத்தாயி சன்னலுக்கு வந்திருந்தாள். வலிப்புக்காரி. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஒரு வேளை தப்பக் கூடாத மாத்திரை. கிடங்கிலிருந்து வண்டி வரவில்லை, இருப்பில் பாதி அட்டைதான் இருந்தது. "ஆறு இருக்கும்மா, மூணு நாளைக்கு ஆவும். திங்கக்கிழமை வா, மாசத்துக்கும் சேத்துத் தரேன்" என்று எண்ணிக்கொடுத்து அனுப்பினார். அந்த ஆறும் சனிக்கிழமையோடு தீர்ந்திருக்கும். சனிக்கிழமை கடல் உள்ளே வந்தபோது அவள் உப்பளத்தில் இருந்தாள், பக்கிரிசாமி தூரத்து வரப்பில் இருந்தான், அதற்கப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வேலிக்கருவேலஞ் செடியில் அவள் புடவை பாதி கிழிந்து தொங்கியதை எடுத்துவந்தார்கள். பக்கிரிசாமி அதை மடியில் வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு வராந்தாவில் உட்கார்ந்தான், வியாழக்கிழமை மொட்டை போட்டுக் காரியம் செய்வது என்று பங்காளிகள் முடிவு பண்ணியிருந்தார்கள். அந்த வராந்தாவைத் தாண்டும்போதெல்லாம் சகாயராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

புதன்கிழமை காலையில் அவர் பெஞ்சுமேல் அட்டைகளைப் பரப்பி வகை பிரித்துக்கொண்டிருந்தபோது, சர்க்கரை மாத்திரை அட்டை ஒன்று, "ராசாங்கம்..." என்றது.

சன்னலில் அவர் கூப்பிடும் அதே குரல். அதே மூக்கடைப்பு, கடைசி எழுத்தில் அதே இழுவை. வாசலில் வரிசையில் நின்றிருந்த ராசாங்கம் "இருக்கேன்மா" என்று கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வந்து, அம்மாவின் வாய் மூடியிருப்பதையும் அட்டை மறுபடி தன் பேரைச் சொல்வதையும் பார்த்துவிட்டு, பின்னால் இருப்பவர்களிடம் திரும்பி, "அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சுல்ல, அதான் மாத்திரை கூப்புடுது" என்றார். வரிசை அதை ஒப்புக்கொண்டது. மூன்று நாளாகக் கத்திய மனுஷிக்கு ஒருத்தர் ஒத்தாசை செய்யாவிட்டால் எப்படி என்று ஒரு கிழவர் சொன்னார், எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

மத்தியானத்துக்குள் முகாம் அதற்குப் பழகிவிட்டது. பேர் காதில் விழவேண்டும் என்று பிள்ளைகளைச் சத்தம் போடாமல் விளையாடச் சொன்னார்கள். காது கேட்காதவர்களுக்குப் பதிலாகக் கேட்க ஆள் வைத்தார்கள். இதயத்து மாத்திரை மெதுவாகக் கூப்பிடுகிறது, வாயு மாத்திரை அவசரப்படுத்துகிறது என்று குணம் பிரித்துப் பேசினார்கள். வார்டு மெம்பரின் பேரைச் சொறிபடைக் களிம்பு ஒன்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டபோது அவர் அந்தப் பேரில் தன் பெரியப்பா மகனும் ஒருவர் உண்டு என்று சாதித்துவிட்டு, கூட்டம் கலைந்ததும் வந்து வாங்கிக்கொண்டு போனார். புயலில் காணாமல்போனவர் பேர் வரும் என்று காலையிலிருந்து காத்திருந்த சில வீட்டாருக்கு அந்தப் பேர் வரவேயில்லை; பிரஷர் மாத்திரை எல்லாம் கூப்பிட்டு ஓய்ந்தும் சிங்காரத்தின் பேர் வராதபோது அவர் மகன் எழுந்துபோய்த் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான், பக்கத்து வீட்டுக்காரர்கள் போய் அவனோடு நின்றார்கள்.

சகாயராணி மட்டும் மாத்திரைகளை அவ்வளவு லேசில் நம்பிவிடவில்லை. பேர் சொல்லும், சரி. வேளை சொல்லுமா, அளவு சொல்லுமா? ஒவ்வொருவரையும் நிறுத்தி, கரும்பலகையில் சாக்பீசால் சூரியனும் பிறையும் சோற்றுத் தட்டும் வரைந்து, முன்பு எத்தனை முழுங்கினார்கள், எதற்கு முழுங்கினார்கள் என்று சைகையால் கேட்டு, அட்டையில் தேதி பார்த்து, ஒத்துவந்தால்தான் கொடுத்தார். கல்யாணமாகி எட்டு மாசமான ஒரு பெண்ணின் பேரை, அவள் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, கருத்தடை மாத்திரை ஒன்று சொல்ல வாயெடுத்தபோது, அதைப் படக்கென்று உள்ளங்கையில் பொத்திப் பஞ்சில் சுற்றிவிட்டார். அதிலிருந்து அந்தரங்கமான மாத்திரைகளுக்கெல்லாம் பஞ்சு சுற்றி ஒரு தனி டப்பாவில் வைத்தார், அவை உள்ளுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு கிடந்தன.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்பதாவது சாக்கைப் பிரித்தார். அடியிலிருந்து ஒரு முழு அட்டை, நீள மாத்திரை, பத்து, "காத்தாயி..." என்றது.

அவர் எடுத்துப் பார்த்தார். வலிப்பு மாத்திரை.

கருப்பம்பாடியில் வீட்டுக்கு மூத்த பெண் பிறந்தால் எல்லைச் சாமி காத்தாயி அம்மன் பேரைத்தான் வைப்பார்கள், வேறு பேர் வைத்தால் அம்மன் கோபித்துக்கொள்ளும். அதனால் ஒரு பேர் கேட்டதும், கேட்கும் தூரத்தில் இருந்தவர்களிலேயே ஏழு பேர் எழுந்தார்கள். மேலவீட்டுக் காத்தாயி, தையல் காத்தாயி, குட்டைக் காத்தாயி, இட்லிக்கடைக் காத்தாயி என்று ஏழு பேரும் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குள் நுழைந்தபோது அறையில் நிற்க இடம் இல்லை. சகாயராணி ஒவ்வொருத்தியாகச் சைகையில் கேட்டார்: கை கால் வெட்டி இழுக்குமா? வாயில் நுரை வருமா? ஒருத்திக்கு மூட்டுவலி, ஒருத்திக்குச் சர்க்கரை, ஐந்து பேருக்கு ஒன்றுமே இல்லை. இட்லிக்கடைக் காத்தாயி, "நமக்கு ஒண்ணும் இல்லதான், ஆனா பேரைச் சொல்லிக் கூப்புடுதே, மதிக்காம இருக்கலாமா? குடுங்க, முழுங்கிடுறேன்" என்று வாயைத் திறந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

வி.ஏ.ஓ. தனராஜ் எட்டிப் பார்த்தார். "எதுக்கு மேடம் தகராறு, ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துடுங்க, யாருக்கும் மனக்குறை இருக்காது" என்றார். புயலடித்த நாளிலிருந்து அவர் பாயையும் பிஸ்கட்டையும் அப்படித்தான் கொடுத்து முடித்திருந்தார்.

அதற்குள் பூசாரிக்கு வேறு யோசனை வந்துவிட்டது. கூப்பிடுவது மனுஷியை இல்லை, அம்மனையே கூப்பிடுகிறது, வெள்ளம் வடிய வேண்டுமானால் அட்டையைக் கோயில் பீடத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். ஏழு காத்தாயிகளும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சகாயராணி சாக்பீசை எடுத்துக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்:

சாமிக்கு வலிப்பு வராது.

எழுதிவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு வராந்தாவுக்கு நடந்தார். கூட்டம் பின்னால் வந்தது. பக்கிரிசாமி மடியில் இருந்த புடவையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அட்டை அவன் முன்னால் "காத்தாயி..." என்றது. அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"வேணாங்கம்மா. ஊருல எத்தனையோ காத்தாயி. நாளைக்கு மொட்டைன்னு மனசத் தேத்தி வெச்சிருக்கேன். மறுபடி உசுரு குடுத்துட்டுப் புடுங்கிடாதீங்க."

செத்தவர் பேரை மாத்திரை சொல்வதில்லை என்பதைக் கூட்டம் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்லச் சிங்காரத்தின் மகன்தான் முன்னால் வந்து அவன் பக்கத்தில் குந்தினான்.

"எங்கப்பன் பேரு வரல, மாமா. ஒம் பொண்டாட்டி பேரு வருது. எந்திரி."

படகுக்காரர் கலியமூர்த்தி மறுபேச்சில்லாமல் படகை அவிழ்த்தார். மீட்புப் படகுகள் எல்லாம் மூன்று நாளும் வீடுகள் இருந்த பக்கமே தேடியிருந்தன. உப்பளத்தில் ஒண்ட ஒரு சுவர்கூட மிஞ்சியிருக்காது என்று கடல் பக்கம் யாரும் போகவில்லை. சகாயராணி ஏறினார், பக்கிரிசாமி ஏறினான், "என் பேரும் அதுதானே, நானும் வரேன்" என்று இட்லிக்கடைக் காத்தாயி ஏறியபோது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "அக்கா, நீ நடுவுல ஒக்காரு, இல்லாட்டி ஒன்னையும் தேட வேண்டியிருக்கும்" என்றார் கலியமூர்த்தி.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நாலாபுறமும் தண்ணீர், நடுவில் மின்கம்பங்களின் தலைகள். சகாயராணி அட்டையை உள்ளங்கையில் ஏந்திப் படகின் முன்பக்க அணியத்தில் உட்கார்ந்திருந்தார். அது விட்டுவிட்டுக் கூப்பிட்டது, தெற்கே திரும்பினால் நேரம் கழித்துக் கூப்பிட்டது, கிழக்கே திரும்பினால் உடனே உடனே கூப்பிட்டது, கலியமூர்த்தி அதைக் கேட்டே துடுப்பை மாற்றினார். அம்மாவின் மனசில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், இன்றைக்குப் புதன். நான்கு நாள் மாத்திரை இல்லை. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மூர்க்கமாக வரும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீருக்கு நடுவில் வந்தால் ஒரு தடவை போதும். ஆறு மாத்திரை கொடுத்து அனுப்பினேனே, பக்கத்து ஊர் சன்னலுக்காவது ஆள் அனுப்பி ஒரு அட்டை வாங்கித் தந்திருக்கலாமே, ஆறே ஆறு கொடுத்தேனே என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தார், மாதாவே மாதாவே என்றும் நடுநடுவே சொன்னார்.

உப்பளத்து ஆபீசைக் காணவில்லை. அதன் தண்ணீர்த் தொட்டி மட்டும் நான்கு கால்களில் நின்றது. அட்டை மூச்சுவிடாமல் கூப்பிட ஆரம்பித்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தொட்டியின் விளிம்பில், ஏணியின் மேல்கம்பியோடு சேர்த்து, புடவையின் மற்றப் பாதியால் இடுப்பில் இரண்டு முடிச்சும் அக்குளுக்கடியில் ஒரு முடிச்சுமாக ஒரு பெண் தன்னைக் கட்டிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள்.

பக்கிரிசாமி ஏணியில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை, மேலே இருப்பதைத்தான் பார்த்தார்கள். அவன் பின்னால் சகாயராணி ஏறினார். வாழ்நாளில் நாற்காலிமேல் ஏறவே பயப்பட்ட மனுஷி, கீழே பார்க்காமல், அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினார். காத்தாயியின் நாக்கு ஓரம் கடிபட்டு வீங்கியிருந்தது, நெற்றியில் காயம், உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது. புருஷனைப் பார்த்து, "ஆடு ரெண்டும் போச்சுங்க" என்றாள். அவன் அவள் காலைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

அம்மா அவசரப்படவில்லை. நாடி பார்த்தார், கண்ணுக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்தார், முதலில் ஒரு மிடறு தண்ணீரை மட்டும் கொடுத்து அவளால் முழுங்க முடிகிறதா என்று பார்த்தார், அதற்கப்புறம்தான் ஒரு மாத்திரையைப் பிரித்து நாக்கில் வைத்தார். அது உள்ளே இறங்கியதும் மிச்ச ஒன்பதும் பேச்சை நிறுத்திவிட்டன.

எத்தனை தடவை வந்தது என்று விரலைக் காட்டிக் கேட்டார்.

"ரெண்டு தரம் வந்துதுங்கம்மா. கட்டியிருந்ததால வுழல" என்றாள் காத்தாயி. நாக்கு வீங்கியதில் சொற்கள் குழறின. "நீங்கதானே சொன்னீங்க."

சகாயராணிக்குப் புரியவில்லை.

"போன ஆடியில மாத்திர வாங்க வந்தேன். ஒசரமும் தண்ணியும் ஒனக்கு ஆவாது, கெணத்தடிக்கும் ஏணிக்கும் போவாத. தப்பித்தவறி அப்புடி ஒரு எடத்துல மாட்டிக்கிட்டா, நெனவு இருக்கும்போதே ஒன்னைய எதுலயாச்சும் கட்டிக்க, மல்லாக்கப் படுக்காத, ஒருக்களிச்சுப் படு, எச்சி வெளில போவணும்." அவள் அதை ஒரு எழுத்து மாறாமல், மூக்கடைப்பும் இழுவையுமாகவே சொன்னாள். "பஸ்சு வந்துட்டுதுன்னு ஓடினேன்ல, ஓடிக்கிட்டே சொல்லிக்கிட்டேன். மறந்துரக் கூடாதேன்னு ஊரு வந்து எறங்குற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தேன். தண்ணி ஏறுனப்ப வேற என்னா பண்றதுன்னு தெரியல, நீங்க சொன்னதப் பண்ணேன்."

சகாயராணி அந்தத் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆடி மாசத்தில் தான் அப்படிச் சொன்னதே அவருக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு வரிசையில் அறுபது பேர் இருந்திருப்பார்கள், அறுபது பேருக்கும் எதையெதையோ சொல்லியிருப்பார். அவர் அழுதார். கொடுத்தது ஆறு மாத்திரை என்று மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் ஏறிவந்திருந்தார், இப்போது இந்தப் பெண்ணின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. தொட்டார், உப்பில் வெடித்த பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஐயோ, என்னாங்கம்மா நீங்க" என்று காத்தாயி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், முடிச்சு விடவில்லை.

"இனிமே என்னா பண்ணணும்னு சொல்லுங்கம்மா" என்றாள்.

அம்மா வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் குரல் வந்தது, ஓட்டையும் ஒடிசலுமாக, ஆனால் அவருடைய குரல். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, நேற்றையதையும் சேர்த்து இரண்டாக முழுங்கிவிடாதே, வெறும் வயிறு வேண்டாம், முதலில் கஞ்சி, கொஞ்சங் கொஞ்சமாகக் கஞ்சி, நெற்றிக் காயத்துக்குத் தடுப்பூசி போடணும், பாலம் சரியானதும் டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன், தனியாகத் தூங்காதே என்று ஒன்று விடாமல் சொன்னார். பக்கிரிசாமி முடிச்சை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கினான். கீழே இட்லிக்கடைக் காத்தாயி ஒவ்வொன்றையும் தனக்கே சொன்னதுபோல் திருப்பிச் சொன்னாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, போக வேண்டிய தூரம் இருந்தது. கலியமூர்த்தி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.